முதல் கவளம்

தின்ற சோற்றை விரலை விட்டு வாந்தி எடுத்தேன். ஒரு முறையல்ல, ஞாயிறுதோறும். சாதியை ஒழிக்க வந்த சங்கத்தின் சோறு அது. ஒழிக்கப் புறப்பட்டவர்களில் முன்வரிசையில் நின்றவன் நான்!

முகம் சுளிக்கிறீர்களா? சுளியுங்கள். நானும் என்னைப் பார்த்து அப்படித்தான் சுளிக்கிறேன். ஆனால் எல்லாச் சுளிப்பையும் இப்போதே செலவழித்துவிடாதீர்கள். வாந்தி இதில் பாதிகூட இல்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசி அது. மலாயாவில், சுங்கை சிப்புட்டுக்கு உள்ளே ஒரு ரப்பர்த் தோட்டம். அப்பா அங்கே கங்காணி. ஊரிலிருந்து ஆட்களைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து வேலை வாங்குகிறவர். நாலெழுத்து தெரிந்ததால் நான் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் சின்னக் கிராணி. பேர்தான் கிராணி, பெரிய கிராணிக்கு எடுபிடி.

"கப்பல்ல எல்லாரும் ஒரே அண்டாச் சோறுதான் தின்னோம்" என்று அப்பா சொல்லுவார். பினாங்கில் இறங்கியதும் அவனவன் தன் மூட்டையைத் துழாவிச் சாதியை வெளியே எடுத்துக்கொண்டான். அப்பாவும் எடுத்துக்கொண்டார். யாருடையதும் கடலில் விழுந்துவிடவில்லை.

கூலியாட்கள் குடியிருந்த வரிசை வீடுகளை லயம் என்போம். மேல் லயத்தில் எங்கள் ஆட்கள். கீழ் லயத்தில், எங்கள் ஆட்கள் தொடவும் கூசியவர்கள். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்தில் இருவரும் ஒன்றாகத்தான் நின்று பேர் கொடுப்பார்கள். பக்கத்துப் பக்கத்து மர நிரையில் பால் வெட்டுவார்கள். ஒரே துரையிடம் ஒரே வசவை வாங்குவார்கள். தண்ணீர்க் குழாய் மட்டும் தனித்தனி!

மாரிமுத்து கீழ் லயத்தவன். பால்வெட்டுக்காரன். என்னைவிடச் சற்று மூத்தவன். எங்கள் இளைஞர் சங்கத்தைத் தொடங்கியவன் அவன்தான். சங்கத்துக்குள் யாரும் யாரையும் ஐயா என்று அழைக்கக்கூடாது, எல்லோரும் மச்சான்தான் என்பது அவன் போட்ட விதி. கங்காணி மகனை அவன் முதன்முதலில் 'மச்சான்' என்று கூப்பிட்டபோது என் காது சுட்டது. சிரித்துச் சமாளித்தேன்.

சங்கத்தின் வேலை என்ன தெரியுமா? பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றுவது. தாய்மார் இருட்டோடு ரப்பர்க் காட்டுக்குப் போய்விடுவார்கள். பிள்ளைகள் உச்சிவேளை வரை பழைய நீத்தண்ணியோடு கிடக்கும். சிலதுக்கு அதுவும் இல்லை. ஆளுக்கு வாரம் ஒரு பால் டின் அரிசி போடுவது, எல்லாவற்றையும் ஒரே பானையில் கொட்டுவது, இரண்டு லயத்துப் பிள்ளைகளையும் ஒரே இடத்தில் உட்காரவைப்பது... இவ்வளவுதான் திட்டம். மாரிமுத்துவின் மனைவி அஞ்சலை சமைத்தாள். துரையும் தலையாட்டினார். பிள்ளை அழாவிட்டால் தாய் நிரையைப் பாதியில் விட்டு ஓடிவர மாட்டாள் அல்லவா?

மேல் லயத்திலிருந்து அரிசி வந்தது. பிள்ளைகள் வரவில்லை. அஞ்சலை கை பட்ட கஞ்சியைத் தங்கள் பிள்ளை குடிக்க எந்தத் தாய்க்கும் மனம் வரவில்லை.

"ஒரு வழி இருக்கு மச்சான்" என்றான் மாரிமுத்து. "ஞாயித்துக்கெழம சங்கத்து ஆளுங்க எல்லாம் ஒரே வரிசையில ஒக்காந்து சாப்புடுவோம். முதக் கவளம் நீ எடு. கங்காணி மவனே தின்னுட்டாருன்னா அப்புறம் எவன் வாயத் தொறப்பான்?"

உடனே ஒப்புக்கொண்டேன். ஏன்? பிள்ளைகளின் பசிக்காகவா? அப்படித்தான் மேடைகளில் சொன்னேன். உங்களிடம் சொல்வதற்கென்ன... ஈப்போவில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தபோது, என் வயதுப் பையன் ஒருவன் சமத்துவம் பேசி மாலையோடு இறங்கியதைப் பார்த்திருந்தேன். அந்த மாலை எனக்கும் வேண்டியிருந்தது. வேறொன்றுமில்லை.

முதல் ஞாயிறு. சோறும், லூமுட் கருவாடு போட்ட கத்தரிக்காய்க் குழம்பும். மேல் லயத்துப் பெண்கள் தள்ளி நின்று, என் வாயையே பார்த்தார்கள். பிசைந்தேன். எடுத்தேன். விழுங்கினேன். கைதட்டல்! நான் சும்மா இருந்தேனா? "இன்னும் கொஞ்சம் ஊத்துங்கக்கா" என்று இலையைக் காட்டினேன். அஞ்சலைக்கு முகமெல்லாம் சிரிப்பு.

ருசியாகத்தான் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

வீட்டு வாசலில் அம்மா நின்றாள். "அங்க தின்னுட்டு என் அடுப்படிய மிதிக்காத" என்றாள். பெற்றவள் கதவை மறித்து நின்றாள். என் வீரமெல்லாம் அந்தப் படியோடு சரி.

ரப்பர்ப் பாளங்களைப் புகைபோடும் கொட்டகைக்குப் பின்னால் ஞாயிற்றுக்கிழமை யாரும் வருவதில்லை. அங்கே போய்க் குனிந்தேன். திரும்பி வந்து, "கக்கிட்டேம்மா" என்றேன்.

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். தலையில் தண்ணீர் தெளித்தாள். "அப்பன்னா சரி. உள்ள வா. சோறு போடுறேன்."

இப்படித்தான் ஏற்பாடாயிற்று. வாய் சங்கத்துக்கு, வயிறு வீட்டுக்கு! இரண்டு பக்கமும் நான் நல்ல பிள்ளை.

வயிறு குமட்டியது, உடம்பு ஏற்கவில்லை, பழக்கதோஷம் என்று நீங்கள் எனக்காக ஏதாவது சொல்லப் பார்ப்பீர்கள். வேண்டாம். வயிறு அந்தச் சோற்றை அருமையாக ஏற்றுக்கொண்டது. சில ஞாயிறுகளில் விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டது! கண்ணில் நீர் முட்ட, தொண்டை கிழிய, நான்தான் அதனோடு மல்லுக்கட்டிச் சோற்றைப் பிடுங்கி வெளியே போட்டேன். பிறகு வாய்நாற்றம் போக வெற்றிலை போட்டுக்கொண்டு, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, கௌரவமாக நடந்தேன். சீ!

மேல் லயத்துப் பிள்ளைகள் ஒன்றிரண்டாக வர ஆரம்பித்தன. பிறகு கூட்டமாக வந்தன. ஒரே பாயில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து, எவன் கோப்பையில் அதிகம் என்று சண்டை போட்டுக்கொண்டு குடித்தன. மாரிமுத்து அதைப் பார்த்துக்கொண்டே நிற்பான். "எல்லாம் ஒன்னாலதான் மச்சான்" என்பான். எனக்குக் கூச்சமாக இருந்திருக்க வேண்டும் இல்லையா? பெருமையாக இருந்தது.

என்னை ஈப்போவுக்குப் பேசக் கூப்பிட்டார்கள். செமோர் இளைஞர்கள் அவர்கள் ஊர் ஸ்டேஷனில் ரயில் நின்றபோது ஏறிவந்து மாலை போட்டார்கள். சேர்ந்து உண்ணாதவன் சேர்ந்து வாழ மாட்டான் என்று மேடையில் முழங்கினேன். அடுத்த ஞாயிறு மறுபடியும் புகைக்கொட்டகைக்குப் பின்னால் குனிந்தேன்.

அப்படிக் குனிந்திருந்த ஒரு ஞாயிறன்றுதான் மேல் லயத்துப் பாக்கியம் விறகு பொறுக்கிக்கொண்டு அந்தப் பக்கம் வந்துவிட்டாள். அந்தச் சமயம் பக்கத்துத் தோட்டத்தில் காலரா என்று ஒரு பேச்சு. எல்லோரும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்த நேரம். பாக்கியம் விறகைப் போட்டுவிட்டு, "ஐயையோ, கங்காணி மவனுக்கு வாந்திபேதி!" என்று அலறிக்கொண்டு ஓடினாள்.

நிமிர்வதற்குள் ஊரே கூடிவிட்டது. தோட்டத்து ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொள்கிற டிரெஸ்ஸர் வந்தார். மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு எட்ட நின்று கேட்டார்.

"எத்தன தடவ எடுத்தீங்க தம்பி? பேதியும் ஆச்சா?"

விரலை விட்டேன் என்று இரண்டே சொல் போதும். என் மானம் போயிருக்கும், அத்தோடு முடிந்திருக்கும். சுற்றிலும் பார்த்தேன். மாரிமுத்து கூட்டத்தைப் பிளந்துகொண்டு, பதறிப்போய், "மச்சான்! மச்சான்!" என்று வந்துகொண்டிருந்தான்.

"ஆமாங்கய்யா, பேதியும் ஆச்சு" என்றேன்.

"எங்க சாப்டீங்க?"

"சங்கத்துல."

இதுதான் நான் செய்தது. இப்போது சுளியுங்கள்!

ஒரு நோவும் இல்லாமல் ஆஸ்பத்திரியில் படுத்தேன். முனகக் கற்றுக்கொண்டேன். பசி உயிரை வாங்கியது; பார்லித் தண்ணீர்தான் கொடுத்தார்கள். அம்மா தலைமாட்டில் உட்கார்ந்து அழுதாள். உண்மை தெரிந்தவள் அவள் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன். யாரும் இல்லாத நேரத்தில் காதருகே குனிந்து, "வாயத் தொறந்துறாதடா" என்றாள்.

துரை சங்கத்துக் கொட்டகையைக் கொளுத்தச் சொன்னார். பானைகளை உடைத்துச் சுண்ணாம்பைக் கொட்டினார்கள். இனி இரண்டு லயமும் கூடிச் சமைக்கக்கூடாது என்று உத்தரவு. மாரிமுத்துவையும் அஞ்சலையையும் ஒரு வாரம் ஒதுக்குக் குடிசையில் வைத்துவிட்டுப் பேரை வெட்டச் சொல்லிவிட்டார். பேர் வெட்டினால் வேலையும் இல்லை, வீடும் இல்லை. அதே பானைச் சோற்றைத் தின்ற வேறு ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒரு பிள்ளைக்குத் தலைவலிகூட வரவில்லை. அதை ஏன் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. சாமியே காட்டிக்கொடுத்துவிட்டது என்றது மேல் லயம். என் வாந்தி அவர்களுக்குச் சாமி வாக்கு!

ஒதுக்குக் குடிசையிலிருந்து விட்ட அன்று, உச்சிவெயிலில், அஞ்சலை ஆஸ்பத்திரியின் பின்பக்கச் சன்னலுக்கு வந்தாள். அம்மா அப்போது இல்லை.

"தம்பி, எனக்குத் தெரியும்" என்றாள். "மொத ஞாயித்துக்கெழமயே பாத்துட்டேன். நீங்க போனப்பறம் மண்ணப் போட்டு மூடுனது நாந்தான்."

எழுந்து சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒவ்வொரு வாட்டியும் மூடுனேன். நான் ஆக்குன சோத்த நானே அள்ளி மூடுனேன் தம்பி. அவரு கண்ணுல பட்டுறக்கூடாதேன்னு. ஒங்கள அவ்வளவு நம்புறாரு. புள்ளைங்களும் வந்துக்கிட்டு இருந்துச்சு. போவட்டும், நம்மளத்தானே அசிங்கமா நெனக்கிறாரு, புள்ளைங்க குடிக்குதேன்னு இருந்துட்டேன்." அவள் அழவில்லை. "நான் சொன்னா எவன் நம்புவான்? நீங்க சொல்லுங்க. நாளைக்குப் பெரட்டுல தொரை இருப்பாரு. ஒரு வார்த்த சொல்லுங்க. வேல போனாப் போவட்டும். நஞ்சு வச்சவங்கங்கிற பேரோட எங்கள அனுப்பாதீங்க."

"சொல்றேன்க்கா" என்றேன். "சத்தியமா நாளைக்குச் சொல்றேன்."

மறுநாள் பிரட்டுக் களத்துக்குப் போனேன். டிரெஸ்ஸர், பிழைத்து வந்தவன் என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். துரை நின்றார். அப்பா நின்றார். இரண்டு லயமும் இரண்டு பக்கமாக நின்றது. தலையில் மூட்டையோடு மாரிமுத்துவும் அஞ்சலையும் ஓரமாக நின்றார்கள். அவள் என் வாயைப் பார்த்தாள். நான் துரையின் சப்பாத்துக் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லலாம்... இதோ சொல்லிவிடலாம்... தொண்டைவரை வந்ததை, வேண்டியபோதெல்லாம் கக்கத் தெரிந்தவன் நான்! அன்று விழுங்கினேன்.

மாரிமுத்து மூட்டையை இறக்கி வைத்துவிட்டு என்னை நோக்கி வந்தான். அடிக்கத்தான் வருகிறான் என்று நினைத்தேன். அடிக்கட்டும் என்றும் நினைத்தேன்.

கும்பிட்டான்.

"எங்க சோத்துனால ஒன் உசுருக்கே வந்துருச்சே மச்சான்" என்றான். "அவ நல்லாத்தான் கழுவி ஆக்குனா. எங்க தப்பாச்சுன்னு தெரியல. நம்பி வாய வச்ச... ஒனக்குப் போயி இப்பிடிப் பண்ணிப்புட்டோம். மன்னிச்சுக்க மச்சான்."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அவன் கைகளைப் பிடித்தேன்.

"பரவாயில்ல மாரி" என்றேன். "தெரியாம நடந்தது. நான் ஒன்னும் மனசுல வச்சுக்கல."

ஆம்... மன்னித்துவிட்டேன்! மேல் லயத்துப் பக்கம் யாரோ, "கங்காணி மவனுக்கு எம்புட்டுப் பெரிய மனசு பாரு" என்று சொன்னது காதில் விழுந்தது. அந்த நிலையிலும் அது எனக்கு இதமாக இருந்தது என்பதையும் எழுதிவைக்கிறேன். மறைப்பதற்கு இனி என்ன இருக்கிறது?

அஞ்சலை என்னைப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். புருஷனின் மூட்டையை எடுத்து அவன் தலையில் வைத்தாள். "வாங்க, போலாம்" என்றாள்.

அவர்கள் எங்கே போனார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்தால் போக வேண்டும். போனால் சொல்ல வேண்டும். சங்கம் அத்தோடு செத்தது. பிள்ளைகள் பழையபடி நீத்தண்ணிக்குத் திரும்பின. எனக்கு மட்டும் நல்ல பேர் நிலைத்தது. பெரிய கிராணியாகவும் ஆனேன்.

மாரிமுத்து உயிரோடிருந்தால் என்னைப்பற்றி இன்றும் யாரிடமாவது சொல்லிக்கொண்டிருப்பான். சாகக் கிடந்தும் தன்னைக் குறைசொல்லாமல் மன்னித்த ஒரு நல்லவன் சுங்கை சிப்புட்டில் இருந்தான் என்று சொல்லுவான். பக்கத்தில் அஞ்சலை வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பாள்.