நான் நிறுத்தாத மேளம்

யுத்தம் நடந்துகொண்டிருந்த நாற்பதுகளில், ஓர் ஆடி மாதம், குற்றாலத்தில் நடந்தது இது. அப்போது தென்காசிப் பக்கத்து நையாண்டி மேளம் ஒன்றில் நான் தவில் வாசித்துக்கொண்டிருந்தேன். கைக்கு நல்ல பெயர். அதனால் தலைக்குக் கொஞ்சம் கனம்.

கரகம் ஆட எங்கள் செட்டுக்கு ஒரு பெண் வந்திருந்தாள். திரும்பி வந்திருந்தாள் என்பதுதான் சரி. சின்ன வயதில் அம்மா தலையில் ஏற்றிவைத்த கரகத்தைக் கல்யாணத்தோடு இறக்கிவைத்தவள். கடையத்தில் இரண்டு வருஷம் புருஷனோடு வயல் வேலை பார்த்தாள். அவள் முழுகாமல் இருக்கும்போது காலராவில் அவன் போய்விட்டான். பிள்ளை பிறந்ததும், ஆட்டக்காரிக்கு இங்கே இடமில்லை என்று புருஷன் வீட்டில் சொல்லிவிட்டார்கள். நாற்று நடப் போன இடத்திலும் ஆண்கள் அவளை ஆட்டக்காரியாகத்தான் பார்த்தார்கள். எப்படியும் இந்தப் பெயர்தான் என்றால் ஆடியே பிழைக்கிறேன் என்று மூன்று மாதப் பெண் குழந்தையோடு வந்து நின்றாள்.

எங்கள் தொழிலில் ஒரு கட்டு உண்டு. தவில்காரன் முடிப்பு வாசிக்கும்வரை கரகம் தலையைவிட்டு இறங்கக் கூடாது. நடுவில் இறக்கினால் அபசகுனம் என்பார்கள். அப்புறம் அந்த செட்டை ஒருவரும் கூப்பிட மாட்டார்கள். ஆடினவளுக்கு வேறு செட்டிலும் இடம் கிடைக்காது.

அன்றைக்கு, சாரலுக்கு வந்திருந்த ஒரு பண்ணையாரின் பங்களாவில் மத்தியான ஆட்டம். பிள்ளையைச் சமையற்கட்டில் ஓர் அம்மாளிடம் விட்டுவிட்டு என்னிடம் வந்தாள்.

"அண்ணாச்சி, பிள்ள அழுதா ஒங்க பக்கம் ரெண்டு தடவ திரும்பி நிப்பேன். முடிச்சிருங்க, என்னா" என்றாள். தலையாட்டினேன்.

ஆட்டம் சூடு பிடித்த நேரத்தில் சமையற்கட்டிலிருந்து அழுகை கேட்டது. அவள் திரும்பி நின்றாள். சுற்றி வந்து மறுபடியும் நின்றாள். நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பண்ணையார் என்னைப் பார்த்து, "ஏலே, நிறுத்தாத" என்று கையைச் சுழற்றினார். பெரிய மனுஷன் என் வாசிப்புக்கு மயங்கிவிட்டார் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. காலத்தைக் கூட்டி இன்னும் வேகமாக வாசித்தேன்.

பிள்ளை அழ அழ அவளுக்குப் பால் சுரந்து ரவிக்கை நனைந்துவிட்டது. முன்வரிசையில் ஒருவன் ஏதோ சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்த முகத்தோடுதான் ஆடினாள், ஆட்டக்காரி முகம் சுளிக்கக் கூடாதே. கண்ணிலிருந்து மை வழிந்துகொண்டிருந்தது. உள்ளே அழுகை கம்மிப்போய், பிறகு கேட்கவே இல்லை. நான் முடிப்பு வாசித்தது அதற்கும் வெகுநேரம் கழித்துத்தான்.

ஓடிப்போய் எடுத்தாள். அழுது ஓய்ந்த பிள்ளை பால் குடிக்கவில்லை. வெட்கம் தாங்காமல், அந்தப் பயல்கள் சிரித்ததைத் திட்டி நாலு வார்த்தை சொன்னேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"சிரிச்சவங்கள எனக்குத் தெரியாது. ஒங்களத் தெரியும்லா அண்ணாச்சி."

அடுத்த ஆட்டத்துக்கு வந்தபோது அவள் மேல் மல்லிகை வாசம் தூக்கலாக இருந்தது. செட்டில் ஒருவன் கேலி செய்தான். பிறகுதான் தெரிந்தது, பாலை வற்றவைக்க மார்பில் மல்லிகைப் பூவை வைத்துக் கட்டியிருந்தாள். சபையில் இன்னொரு தடவை அப்படி ஆகக் கூடாதாம். பிள்ளைக்குக் கஞ்சித் தண்ணியும் மாட்டுப்பாலும் கொடுத்தாள். அது பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஐப்பசி மழையில் அந்தப் பிள்ளையைப் புதைக்கக் குழி வெட்டினவர்களில் நானும் ஒருவன். மூன்றாம் நாள் ஓர் ஊர் அம்மன் கோயில் கொடையில் அவள் ஆடினாள். அன்றைக்கு அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

நான் தவிலை விட்டு வருஷம் பல ஆகிவிட்டது. என் மனைவிக்கு இன்றுவரை மல்லிகை வாங்கிக் கொடுத்ததில்லை. கஞ்சன் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். ஒரு தாயின் பால் வற்றியதில் என் கைக்கும் பங்கு இருக்கிறது என்பதை அவளிடம் சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.