தயிர் ஐஸைத் தேடி: அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி

அம்பத்தூரில் ஃப்ரோசன் யோகர்ட், அதாவது தயிர் ஐஸ், கடை வைத்திருக்கிறேன் என்றால், "அது இன்னும் இருக்கா?" என்றுதான் கேட்கிறார்கள். இருக்கிறது, இந்த மாதக் கடைசி வரைக்கும். அதற்குள் வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிறேனா, ஷட்டரை இழுத்து மூடுகிறேனா என்று நான் சொல்லியாக வேண்டும். கொரோனாவைத் தாண்டி வந்த இதே மாதிரிக் கடை ஒன்று பூந்தமல்லியில் இருக்கிறது, எப்போதும் கூட்டம் என்று ஒருவர் சொன்னார். எப்படித் தப்பித்தது என்று பார்த்துவர, போன ஞாயிறு கிளம்பினேன். என்னைப் போல இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்ட புண்ணியவான்கள் யாராவது படித்தால் சரி.

முகப்பேரில் இருந்த தயிர் ஐஸ் கடை இப்போது செல்போன் கவர் விற்கிறது. அதனால் அந்தப் பக்கம் போகவில்லை. காலை பத்தரைக்கு அம்பத்தூரில் ரயில் ஏறினேன். ஆவடிக்கு டிக்கெட் ஐந்து ரூபாய், கால் மணி நேரம்கூட ஆகாது.

ஆவடியில் இருந்த தயிர் ஐஸ் கடை, கொரோனாவில் டப்பாவில் அடைத்து வீட்டுக்கு அனுப்பிப் பார்த்தது. வெயிலில் வண்டி போய்ச் சேருவதற்குள் டப்பாவில் இருந்தது மோர். கடை போய்விட்டது, "தொடாமல் வாங்கலாம்" என்ற பலகை மட்டும் இன்னும் தொங்குகிறது.

நானும் என்னென்னவோ செய்தேன். எங்கள் கடையின் அழகே, வருகிறவர்கள் தாங்களே கைப்பிடியை இழுத்துச் சுருள் சுருளாகப் பிடித்துக்கொள்வதுதான். கொரோனாவில் கண்ணாடித் தடுப்பு வைத்து, கையுறை மாட்டி நானே இழுத்துக் கொடுத்தேன். பிள்ளைகளுக்குச் சுவாரசியம் போய்விட்டது. அம்மாக்களோ, "சில்லுன்னு எதுவும் வேணாங்க, தொண்டை கட்டிக்கும்" என்று வாசலோடு இழுத்துக்கொண்டு போனார்கள். சில்லென்று இல்லாத ஐஸுக்கு நான் எங்கே போவேன்?

ஆவடியிலிருந்து ஷேர் ஆட்டோ, முப்பது ரூபாய். பருத்திப்பட்டு தாண்டும்போது டிரைவர் எங்கே போகிறேன் என்று கேட்டார். சொன்னேன்.

"தயிர் ஐஸா? அத்த எவன் அண்ணாத்தே துன்றான்? மெஹர் அக்கா கடைன்னு சொல்லு. எங்கூட்லயே அங்கதான் வாங்குறாங்கோ."

எனக்கு உயிர் வந்தது. ஆட்டோக்காரர் வீட்டில்கூட வாங்குகிறார்கள் என்றால் இந்தத் தொழிலுக்கு இன்னும் எதிர்காலம் இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

கரையான்சாவடியில் இறங்கி ஐந்து நிமிடம் நடந்தால் கடை. உண்மையிலேயே கூட்டம். கையில் தூக்குவாளி, எவர்சில்வர் டப்பா. உள்ளே, என் கடையில் இருக்கும் அதே மூன்று கைப்பிடி மெஷின். ஒரு பெண் பாத்திரத்தை நீட்டிக் கைப்பிடியை இழுத்தார். வெள்ளையாக, சுருள் சுருளாக விழுந்தது. இட்லி மாவு.

மெஹர் அக்காவுக்கு ஐம்பது வயது இருக்கும். நானும் இதே கடைதான் என்றதும் ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"இன்னா தம்பி பண்றது? சில்லுன்னு வேணாம்னாங்கோ, வெறும் தயிரா குட்த்தேன். அதுவும் போவல. எல்லாரும் ஊட்லயே கீறாங்கோ, மூணு வேளையும் இட்லி தோசை. உறைய வெக்கிற சுச்சை அணைச்சிட்டு மாவை ஊத்திப் பார்த்தேன். குளிர்ச்சியிலயே கீது, புளிக்கல. அவங்கவங்களே புட்ச்சுக்கிறாங்கோ, யாரும் யாரையும் தொட வேணாம்."

"கொரோனாதான் போயிடுச்சேக்கா. திரும்ப ஐஸ் போடலையா?"

"போட்டேனே. ரெண்டே பேர் வந்தாங்கோ. பின்னாடி நின்னவங்க, ‘மாவு எப்போ வரும்’னு கேட்டாங்கோ." சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "உன்னுது இன்னும் ஓடுதா? திருமழிசைல இன்னொரு கடை போடறேன். மூட்றதா இருந்தா மெஷினை எனக்கே குட்த்துடு தம்பி."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் அங்கேயே தலையை ஆட்டிவிட்டேன். என்ன மெஷின், எந்தக் கம்பெனி, எத்தனை ஆசையாக வாங்கினேன்! விலைகூடக் கேட்கவில்லை.

போகிறவர்கள் காலையிலேயே போங்கள், மதியத்துக்கு மேல் மாவு இருக்காது. பாத்திரம் கொண்டுபோங்கள், கவர் தருவதில்லை. தயிர் ஐஸ் தேடிப் போகிறவர்கள் அம்பத்தூரைத் தாண்ட வேண்டாம். மாதக் கடைசிக்குள் என் கடைக்கே வாருங்கள், கைப்பிடியை நீங்களே இழுத்துக்கொள்ளலாம்.

நான் பாத்திரம் கொண்டுபோகாததால் அக்காவே ஒரு தூக்கில் மாவு பிடித்துக் கொடுத்தார். மறுநாள் காலை இட்லி பஞ்சு மாதிரி இருந்தது. "நல்ல மாவா இருக்கே, எங்க வாங்குனீங்க?" என்று என் மனைவி கேட்டாள்.

"நம்ம மெஷினைக் குடுக்கறேன்னு சொல்லிட்டேன்" என்றேன்.