குதிரைக்குக் கண் திறந்தவள்

முரண்டு பிடித்த பிரிண்டரை வழிக்குக் கொண்டுவந்தது, பில்லில் கட்டம் கட்டமாக உடைந்த தமிழை ஒழுங்காக நிற்க வைத்தது, ஊமையாய்க் கிடந்த ஸ்கேனருக்கு உயிர் கொடுத்தது, கடைசியில் ஒரு குதிரைக்குக் கண் திறந்தது: தங்கையின் வெற்றிகளைத் தையற்கடை அண்ணன் இந்த வரிசையில்தான் சொல்வார். நடுவில் யாராவது குறுக்கிட்டால் மறுபடி பிரிண்டரிலிருந்து தொடங்குவார். அளவெடுக்கிறவருக்கு எதுவும் தோளிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

அவர்களுடைய பழைய கம்ப்யூட்டரில் ஊரெல்லாம் ஓடுகிற சிஸ்டம் ஓடாது, மூச்சு வாங்கும். தங்கை அதில் லினக்ஸ் என்ற இலவச சிஸ்டத்தைப் போட்டு, அதன் முத்திரையான பெங்குவினையும் பெட்டிமேல் ஒட்டினாள். கம்ப்யூட்டர் துள்ளி எழுந்தது. ஆனால் மற்றவர்கள் பயன்படுத்தும் மென்பொருள் எதுவும் அதற்கு ஒத்துவராது. ஒவ்வொன்றுக்கும் மாற்றுத் தேட வேண்டும். தேட உட்காருமுன் கொண்டை போட்டு அதில் ஒரு பென்சிலைச் செருகிக்கொள்வாள். பென்சில் ஏறிவிட்டால் அண்ணன் டீயைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார்.

“இதுக்கும் ஒண்ணு இருக்கும்ணே. பேருதான் கோணலா இருக்கும்” என்பாள். கிடைத்துவிடும். பெயரும் கோணலாகத்தான் இருக்கும்: ஏதாவது ஒரு மீன், பூச்சி, இல்லாவிட்டால் வயிற்றுவலி மாத்திரைபோல ஒன்று. அண்ணன் அதை வாய்க்குள் சொல்லிப் பழகிக்கொள்வார். யாராவது கேட்டால் பிசகாமல் சொல்ல வேண்டுமே.

எம்பிராய்டரி மிஷினில்தான் வசமாக மாட்டிக்கொண்டார்கள். பள்ளிச் சீருடைக்குக் குதிரைச் சின்னம். வெள்ளிக்கிழமைக்குள் மாதிரி தராவிட்டால் வேலை எதிர்க்கடைக்குப் போய்விடும். படத்தைத் தையலாக மாற்றுகிற மென்பொருளைத் தேடினால், எல்லாம் மற்ற சிஸ்டத்துக்கே.

எதிர்க்கடைக்காரர் வாசலில் வந்து நின்று, “ஊரோட ஒத்துப் போகணும் மாஸ்டர். உங்க தங்கச்சி பெங்குவின் வளர்த்துக்கிட்டு இருக்கு” என்றார்.

வியாழக்கிழமை பென்சில் கொண்டையிலிருந்து இறங்கியது. படம் வரையும் மென்பொருளோடு சேர்ந்து ஓடுகிற இலவசக் கருவி ஒன்று அகப்பட்டிருந்தது. மிஷின் கடகடவென்று தைத்து முடித்தது. அண்ணன் மாதிரியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“பிடரியெல்லாம் நல்லாருக்கும்மா. கண்ணு எங்க?”

“உள்ள இருக்குண்ணே.”

மிஷின் கண்ணை முதலில் தைத்து, அதன்மேல் முகத்தைத் தைத்து மூடியிருந்தது. படத்தின் பாகங்கள் வரிசையாக நிற்கும் பட்டியலில் கீழே இருப்பதைத்தான் அது முதலில் தைக்கும். கருவியின் செய்முறைப் பக்கத்தில் அதைப் பற்றி மூச்சே இல்லை. தங்கை வரிசையைத் திருப்பிப் போட்டாள். அடுத்த குதிரை முழித்துப் பார்த்தது. வேலையும் கையை விட்டுப் போகவில்லை. எதிர்க்கடைக்காரர் மாதிரியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, அந்தப் பெங்குவின் எங்கே கிடைக்கும் என்று விசாரித்தார்.

விட்டுப்போன அந்த விஷயத்தை எழுதி, கருவியைச் செய்தவர்களுக்கே தங்கை அனுப்பிவைத்தாள். எப்போதும்போல அடியில் ‘ஒரு தையற்கடை’ என்று போட்டாள். இன்ஜினியர்கள் நடமாடும் இடத்தில் நம் பெயர் எதற்கு என்று அவளுக்குக் கூச்சம். பதில் வந்தது: சேர்த்துக்கொள்கிறோம், நன்றிப் பக்கத்தில் போட உங்கள் பெயர் வேண்டும்.

“கடைன்னே இருக்கட்டுமாண்ணே?”

“குதிரையக் குருடாக்குனது கடையா? நீதானே. கண்ணத் தொறந்துவிட்டதும் நீதான். பேரப் போடு.”

அடுத்த தேடலுக்காகக் கொண்டையில் செருகியிருந்த பென்சிலை அவள் உருவிக் கீழே வைத்தாள். ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரைத் தட்டினாள், முன்னெழுத்தையும் விடவில்லை. அனுப்பினாள்.

அண்ணன் துணியில் கோடு போடும் சாக்பீஸை எடுத்தார். கட்டிங் மேஜையின் ஓரத்தில், துணி உரசாத இடமாகப் பார்த்து, தங்கை பெயர் போட்ட நாளை எழுதினார்: மார்ச் 11, செவ்வாய்.