எழுபத்தெட்டு ஊசித் துளைகள்

எதையும் மூன்று முறை எண்ணாமல் நம்ப மாட்டேன். பஸ்ஸில் ஏறினால் ஜன்னல்களை எண்ணுவேன். வீட்டைப் பூட்டினால் பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பேன். வீட்டில் இதற்காக வாங்காத திட்டில்லை. ஆனால் இந்தப் பழக்கம் ஒரு முறை எனக்கு வெற்றி தேடித் தந்தது.

அறுபதுகளின் நடுவில், திண்டிவனத்தில் இன்று இல்லாத ஒரு சின்னக் கல்லூரியில், விலங்கியல் துறையில் செய்முறை வகுப்புக்கான தற்காலிக டெமான்ஸ்டிரேட்டராக இருந்தேன். கல்வராயன் மலை ஓடைகளில் பிடித்த மீன்களை ஜாடியில் போட்டுப் பெயர்ச்சீட்டு ஒட்டுவது என் வேலைகளில் ஒன்று. அவற்றில் ஒன்று கையளவு நீளமுள்ள கொரவை, விரால் சாதி மீன். துடுப்போரத்தில் ஆரஞ்சுக் கோடு. நம் ஏரிக் கொரவை வேறு, இது வேறு என்று தனிச்சீட்டு ஒட்டினேன். துறைத் தலைவர் அதைக் கிழித்துவிட்டார்.

"தீனி பத்தாம குள்ளமா நின்னுபோன ஏரிக் கொரவைய்யா இது. நெறம் பார்த்துப் பிரிக்கிறதெல்லாம் புடவைக்கடை வேலை."

"புத்தகத்துல ரெண்டும் வேறன்னுதான் சார் இருக்கு."

"அவனும் நெறத்தைப் பார்த்துத்தான் எழுதினான். செதிலை எண்ணினியா? ரெண்டுக்கும் கிட்டத்தட்ட ஒண்ணாத்தான் வருது."

"குரோமோசோமை எண்ணிக் காட்டட்டுங்களா சார்?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "காட்டு. பரீட்சை லீவுக்குள்ள காட்டலன்னா, அடுத்த வருஷத்துக்கு நீ வேணும்னு நிர்வாகத்தைக் கேட்டு எழுத மாட்டேன்."

அவர் கேட்டு எழுதாவிட்டால் எனக்கு வேலை இல்லை. அன்று வீட்டில் என்னையும் சேர்த்து ஐந்து பேர்.

குரோமோசோம் என்பது செல்லுக்குள் பரம்பரையைச் சுமக்கும் நூல்துண்டு. ஓர் இனத்துக்கு அதன் எண்ணிக்கை பெரும்பாலும் மாறாது. குட்டையானாலும் நெட்டையானாலும் ஒன்றுதான். செல் இரண்டாகப் பிரியும் நேரத்தில்தான் மைக்ராஸ்கோப்பில் தனித்தனியாகத் தெரியும். அந்த நேரத்தில் செல்லை நிறுத்திவைக்க, கைகால் வீக்கத்துக்குக் கொடுக்கும் கால்சிசின் மாத்திரையைக் கரைத்து, உயிருள்ள மீனுக்கு ஊசி போட வேண்டும். மருந்துக்கடைக்காரர், "வாதம் யாருக்கு?" என்றார். "மீனுக்கு" என்றேன். பொட்டலம் கட்டினார்.

ஏரிக் கொரவைக்கு அலைச்சலில்லை. பக்கத்து ஒலக்கூர் ஏரியிலேயே கிடைத்தது. மலைக் கொரவையைத்தான் உயிரோடு கொண்டுவர வேண்டும். பதினொன்றைப் பானையில் பாதித் தண்ணீர் விட்டு, வாயில் துணியைத் தளர்வாகக் கட்டிக் கொண்டுவந்தேன். மூன்று பஸ். விழுப்புரத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர் மரக்காணத்து அம்மாள். கருவாடு விற்றுவிட்டுத் திரும்புகிறவர். அவரிடம் பானையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து, களைப்பில் தூங்கிவிட்டேன். திண்டிவனத்தில் துணியை அவிழ்த்தால் பதினொன்றும் செத்துக் கிடந்தன. பானையில் விளிம்புவரை தண்ணீர்.

"யாரும்மா தண்ணி ஊத்தினது?"

"நான்தான் சாமி. பாதித் தண்ணியில தவிச்சிக்கினு கெடந்துதுங்க. பாவமேன்னு நெறக்க ஊத்தி, தெறிக்காம இறுக்கிக் கட்டினேன்."

கொரவை மேலே வந்து காற்றை விழுங்கினால்தான் பிழைக்கும். மேலே இடமில்லாவிட்டால் மூச்சு முட்டிச் சாகும் என்று சொன்னேன்.

"தண்ணியில முழுகிச் சாவுற மீனா? எங்க ஊர்ல இதைச் சொன்னா என்னைத் தொரத்தி அடிப்பாங்க!" என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பேஜாரு பண்ணிட்டனா சாமி?" என்றார்.

லீவுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. மறுபடி மலைக்குப் போனேன். ஒன்பது மீன். விழுப்புரத்தில் அதே அம்மாள். தானாகவே பானையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். "இன்னிக்குச் சொட்டுத் தண்ணி ஊத்த மாட்டேன். நீ தூங்கு." நான் தூங்கவில்லை. அந்த அம்மாள் துணியைத் தளர்த்திப் பிடித்துக்கொண்டு, மீன் ஒவ்வொன்றும் மேலே வந்து வாய் திறக்கும்போதெல்லாம், "இதோ ஒண்ணு குடிச்சிட்டுப் போவுது" என்று திண்டிவனம்வரை சொல்லிக்கொண்டே வந்தார். ஒன்பதும் உயிரோடு சேர்ந்தன.

இரு வகை மீனுக்கும் ஊசி போட்டு, செவுளிலிருந்து துளி சதை எடுத்து, சாயம் ஏற்றி, மெல்லிய கண்ணாடியின் மேல் கட்டைவிரலால் அழுத்தினேன். விரலைக் கொஞ்சம் நகர்த்தினாலும் எல்லாம் குழம்பிவிடும். மலைக் கொரவையின் முதல் செல்லில் எழுபத்தேழு. அடுத்ததில் எழுபத்தொன்பது. ஒன்றின்மேல் ஒன்று படுத்தால் குறையும், பக்கத்துச் செல்லின் துண்டு கலந்தால் கூடும். நாற்பது செல்களை எண்ணினேன். முப்பத்து மூன்றில் எழுபத்தெட்டு.

தலைவர் என் கணக்கைத் தொடவில்லை. "உன் கண்ணு உனக்கு வேண்டியதைத்தான் காட்டும்" என்று, எது எந்த மீன் என்று தெரியாதபடி ஸ்லைடுகளில் காகிதம் ஒட்டச் சொன்னார். மைக்ராஸ்கோப்பில் பார்த்ததை ஸ்லைடுக்கு ஒரு தாளாக வரைந்தார். ஒன்றையே இருமுறை எண்ணாதிருக்க, எண்ணிய துண்டிலெல்லாம் ஊசியால் குத்தினார். முதல் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். முப்பத்திரண்டு துளை. அடுத்ததில் வெகுநேரம் குத்தினார். எழுபத்தெட்டு. ஸ்லைடுகளில் ஒட்டிய காகிதத்தைப் பிரித்துப் பார்த்தார்: முன்னது ஏரி, பின்னது மலை.

"குள்ளனுக்கு எழுபத்தெட்டு, வளர்ந்தவனுக்கு முப்பத்திரண்டா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். "வளர வளரப் பல்லு விழற மாதிரி விழுந்துடுச்சுன்னு சொல்லவாய்யா நான்?" என்று சிரித்தார். பேனாவைத் திறந்து, புதுச்சீட்டைத் தன் கையாலேயே எழுதி, ஜாடியில் ஒட்டினார். பிறகு அடுத்த வருடத்துக்கு என்னைக் கேட்கும் கடிதத்தையும் எழுதி, என் முன்னாலேயே உறையில் போட்டார்.

அவர் வெளியே போனதும் அந்த இரண்டாம் தாளை எடுத்து ஜன்னலில் பிடித்தேன். துளைதோறும் வெயில் புள்ளியாக நின்றது. மூன்று முறை எண்ணினேன். மூன்று முறையும் எழுபத்தெட்டு.