கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு நத்தைக் கல்

இன்று அரியலூரில் ஒரு கல் கண்காட்சிக்குப் போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் சுருண்ட நத்தைக் கல் ஒன்று, அதாவது கல்லாகிப்போன பழங்காலக் கடல் நத்தை, இருந்தது. பார்த்ததிலிருந்து எனக்குச் சந்தேகம்.

எண்பதுகளின் தொடக்கம், அரியலூர் பக்கத்தில் எங்கள் கிராமம். பள்ளி லீவில் பிள்ளைகள் படுத்திய பாட்டில், மைதாவில் பாதிக்குப் பாதி உப்பைக் கொட்டிப் பிசைந்து விளையாடக் கொடுத்தேன். காய்ந்தால் கல் மாதிரி ஆகிவிடும்.

என் சின்ன மகள் வயலில் கிடைத்த நத்தைக் கல்லைப் பார்த்து, அதேபோல் ஒன்றை மாவில் சுற்றினாள். நடுவில் கட்டைவிரலால் ஓர் அழுத்து. மேலே அடுப்புச் சாம்பல். நாலு நாள் வாசல் வெயிலில் காய்ந்தது.

அப்போதுதான் பேன்ட் போட்ட ஒருவர் பையோடு வந்து நின்றார். பழைய கல் சேகரிக்கிறாராம். பிள்ளை பிடிக்கிறவனோ என்று மகளை இழுத்து அணைத்துக்கொண்டேன்.

அவர் மாவு நத்தையை எடுத்தார், திருப்பினார், நாக்கை நீட்டி ஒரு நக்கு நக்கினார்!

"உப்புக் கரிக்குதுங்க! இங்க கடல் இருந்துச்சுன்னா எவன் நம்புறான்?"

"அது நான் செஞ்சது" என்றாள் மகள்.

"அப்படியா கண்ணு" என்று சிரித்தார். "எடுத்துக்கட்டுங்களாம்மா?"

கல்லை நக்குகிற ஆளிடம் என்ன பேச்சு?

"எடுத்துட்டு மொதல்ல கெளம்புங்க சார்."

இன்று பார்த்த கல்லின் நடுவிலும் சின்னதாக ஒரு கட்டைவிரல் பள்ளம். பல கோடி ஆண்டுப் பழசு என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

காவலாளி நகரவே இல்லை. உங்களில் யாராவது போனால், கொஞ்சம் நக்கிப் பார்த்துச் சொல்லுங்கள்.