பட்டியலில் இல்லாத காரைக்கால்

வீட்டுத் தரகில் வீட்டைக் காட்டுவது பாதி வேலை. போனில் எதையோ பார்த்து அரண்டு போனவரைத் தேற்றுவது மீதி வேலை. இடம் வாங்கப் போய்த் தூக்கத்தைத் தொலைத்த உங்களுக்கெல்லாம் இது நன்றாகவே தெரிந்திருக்கும்.

மழை விட்ட மறுநாள்

யூசுப் துபாயிலிருந்து லீவில் வந்திருந்தார். குடியிருந்த வாடகை வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். அவர் திரும்பிப் போவதற்குள் சொந்த வீடு ஒன்று அமையாவிட்டால், அவர் மனைவி ஹலீமா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மறுபடி வாடகைக்கு அலைய வேண்டியதுதான்.

நெட்டில் பார்த்த ஒரு வீட்டின் மேல் யூசுப்புக்கு ஆசை. படத்தில் வெயில் பளீரென்று அடித்தது. நானோ எந்த வீட்டையும் மழை விட்ட மறுநாள்தான் காட்டுவேன். நம்ம பக்கத்து மண் தண்ணியைச் சீக்கிரம் விடாது. அப்படிப் போனால், வாசலில் இரண்டு வாத்து நீந்திக்கொண்டிருக்கிறது. ஹலீமா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டது: "ஏண்ணே, சாவியோட படகும் சேத்துத் தருவாங்களா?"

யாரோ ஒருவர் பேர்

அப்புறம் இங்கே காரைக்கால் கோவில்பத்தில் மேடான இடத்தில் ஒரு வீடு அமைந்தது. இருவருக்கும் பிடித்துவிட்டது. மறுநாள் காலையில் யூசுப் முகம் வெளிறி வந்து நிற்கிறார். 'சர்வே நம்பரை அரசாங்க சைட்டில் போட்டுப் பாருங்க, பேர் மாறினால் மோசடி' என்று ஒருவர் வீடியோவில் சொன்னாராம். இவரும் தேடியிருக்கிறார். மாவட்டப் பட்டியலில் காரைக்காலையே காணோம். சுற்றி இருப்பது நாகப்பட்டினம்தானே என்று அதை அமுக்க, அங்கேயும் ஒரு கோவில்பத்து. நம்பரைப் போட்டதும் முன்பின் தெரியாத யாரோ ஒருவர் பேர் வந்திருக்கிறது.

விற்கிறவர் எனக்குப் பழக்கமானவர்தான். இருந்தும் எனக்கும் ஒரு சந்தேகம் தட்டியது. யூசுப் சொன்னார்: "வேணாண்ணே, இன்னொருத்தன் வீட்ல எம்புள்ளைவள விட்டுட்டு நான் எப்புடி ஃபிளைட் ஏறுவேன்?"

வக்கீலம்மா

இந்த மாதிரி நேரத்தில் நான் வாய்ச்சவடால் அடிப்பதில்லை. நேரே வக்கீலம்மாவிடம் கூட்டிப் போய்விடுவேன். அவர் போனை வாங்கிப் பார்த்தார். அது தமிழ்நாட்டு சைட்டு என்றார். காரைக்காலோ புதுச்சேரியைச் சேர்ந்தது. நம் கணக்கு வழக்கெல்லாம் வேறு. வில்லங்கம், தாய்ப் பத்திரம் எல்லாவற்றையும் இங்கேயே எடுத்துப் பார்த்து, அளவையரையும் வரவழைத்துச் சங்கிலி பிடித்து அளக்க வைத்தார். ஒரு குறையும் இல்லை. எனக்கே அப்போதுதான் மூச்சு வந்தது. வக்கீலம்மா சிரித்துக்கொண்டே சொன்னார்: "பக்கத்து வீட்டு அலமாரியத் தொறந்துட்டு எஞ்சட்டயக் காணோம்னு அழுதா எப்புடித் தம்பி?"

பதிவு நாள்

பத்திர ஆபீஸ் பெஞ்சில் எங்கள் முறைக்காகக் காத்திருந்தோம். யூசுப்பின் கட்டைவிரல் சும்மா இருக்கவில்லை. 'பதிவுக்கு முன் ஏழு எச்சரிக்கை' என்று இன்னொரு வீடியோ! ஹலீமா போனைப் பிடுங்கித் தன் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டது. யூசுப் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து, "அல்ஹம்துலில்லாஹ்" என்று பெஞ்சில் சாய்ந்தார். போனுக்குக் கை நீட்டினார். ஹலீமா சொன்னது: "மொதல்ல வூட்டுக்குள்ள பால் காய்ச்சுவோம் மச்சான், அப்பறம் பயப்படலாம்."

வீடியோக்காரருக்கு எத்தனை ஆயிரம் பேர் லைக் போட்டாலும், அளக்கிற சங்கிலியைப் பிடிக்க ஒரு ஆள் நேரில்தான் வரவேண்டியிருக்கிறது.