கட்டி வளர்த்த கலியாண முருக்கு

தங்கச்சியின் கலியாணத்துக்குக் கன்னிக்கால் ஊன்றிய மறுநாள், மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை என்று கனடாவிலிருந்து போன் வந்தது. மேளக்காரருக்கு வேண்டாம் என்று சொன்னோம். சமையல்காரருக்கும் சொன்னோம். கன்னிக்காலாய் ஊன்றிய முள்முருக்கந்தடிக்கு யார் சொல்வது? நல்ல நேரம் பார்த்து, சுமங்கலிகள் பால் வார்த்து நட்ட தடி அது. பிடுங்கினால் கலியாணத்தையே பிடுங்கியதாகிவிடும் என்றார் அம்மா. கொழும்பு வெள்ளவத்தையில் எங்களுக்கென்று ஒரு பிடி மண் இல்லாததால் அதை ஒரு பெயின்ற் வாளியில், ஃபிளாட்டின் மொட்டை மாடியில், தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் நட்டிருந்தோம். கலியாணம் நின்றது. தடி துளிர்த்தது.

துளிர்த்தது மட்டுமா. சண்டை வடக்கே நடந்தது, சோதனை தெருவில் நடந்தது, முருக்கு மேலே பார்த்து நடந்தது. தண்டவாளத்தைத் தாண்டி வந்த கடற்காற்று, எங்கள் சீலைகளையும் பக்கத்து வீட்டுச் சாரங்களையும் கொடியில் ஒன்றாக முறுக்கிவிட்டு, அந்தத் தளிரையும் பிடித்து ஆட்டும். அம்மாவால் அதைப் பார்க்க முடியவில்லை. நைலோன் கயிறு வாங்கி வந்து தாங்கியில் ஒரு கட்டு, அன்ரனாக் கம்பத்தில் ஒரு கட்டு, கொடிக்காலில் ஒரு கட்டுப் போட்டார். காற்றுப் பக்கம் தறப்பாள் கட்டினார். மழை மேகத்தைக் கண்டால் ஒரு பழைய போர்வையும் ஏறும்.

அப்பா ரியூட்டரியில் தாவரவியல் படிப்பிப்பவர். அவருக்குச் சொந்தக் கூரையிலேயே ஒரு பாடம் பிழையாக நடப்பது பொறுக்கவில்லை.

"இஞ்சரும், ஆடினால்தான் அடிமரம் தடிக்கும். வேரும் அப்பதான் பிடிக்கும். கட்டி வைச்சால் உசரத்துக்குப் போகும், நிக்காது."

"ஓம், உங்கட பாடத்தை அங்க எடுங்கோ. இது என்ர பிள்ளையின்ர வாழ்க்கை."

அதனால் அப்பா களவாக ஆட்டினார். அம்மா சந்தைக்குப் போனதும் கயிறுகளைத் தளர்த்தி, மரத்தின் கழுத்தைப் பிடித்து, கடற்காற்று எந்தப் பக்கம் தள்ளுமோ அந்தப் பக்கம் மெல்ல அசைப்பார். அம்மா திரும்பி வந்ததும் முடிச்சைப் பார்த்தே கண்டுபிடித்து இன்னும் இறுக்குவார். கலியாணம் என்னாச்சு என்று விசாரிக்க வந்த உறவினரையும் அப்பா மேலே கூட்டிப்போனார்: "வந்தனீங்கள், ஒருக்கா ஆட்டிவிட்டுப் போங்கோ." பெரியப்பா வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு ஆட்டினார். மாமி கைப்பையை என்னிடம் தந்துவிட்டு ஆட்டினார்.

மொட்டை மாடியில் ஆட்கள் முறைவைத்துத் தடியொன்றை அசைப்பது ஒழுங்கை முனைச் சோதனைச்சாவடிக்குத் தெரிந்தது. கடலுக்கு ஏதோ சைகை காட்டுகிறோம் என்று இரண்டு ஆமிக்காரர் ஏறி வந்தார்கள். எங்கள் அடையாள அட்டைகளை வாங்கிப் பார்த்தார்கள். தறப்பாளைத் தூக்கிப் பார்த்தார்கள். ஒருவன் இலையைக் கிள்ளி, "எரபது நேத?" என்றான். ஓம், முருக்குத்தான் என்று அப்பா சிங்களத்தில் சொன்னார். இது என்ன குற்றம் செய்தது, ஏன் கட்டி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டான் அவன். மாப்பிள்ளை வரும்வரைக்கும் என்றார் அப்பா. அவன் யோசித்தான். கட்ட வேண்டியது மாப்பிள்ளையை அல்லவா என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

சோதனைக்குப் பயந்து தங்கச்சியை வீட்டார் வெளியே விடுவதில்லை. அவள் நடக்கும் தூரமெல்லாம் அந்த மொட்டை மாடிதான். மாலையில் போய் முருக்குக்கு எதிரே நின்று அதை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வருவாள்.

லீவு கிடைத்தது, பிறகு விசா பிந்தியது, பிறகு கொழும்பில் குண்டு வெடித்து மாப்பிள்ளை வீட்டார் பயந்தார்கள், பிறகு ஒருநாள் மாப்பிள்ளை உண்மையாகவே வந்திறங்கிவிட்டார். இரத்மலானையில் யாரோ வீட்டில் நிற்கிறாராம். கோயில் மண்டபம் எடுத்தாயிற்று. கலியாணத்தன்று காலை வாளியை மணவறைக்குக் கொண்டுபோகக் கயிறுகளை அவிழ்த்தோம். ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து, விரல் மொத்தத்தில் நின்ற முருக்கு, யாரும் தொடாமலே, அவசரமில்லாமல், குனிந்து, அம்மாவின் காலடியில் தலையை வைத்தது.

அம்மா அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். "முடிஞ்சுது. சகுனம் சொல்லிப்போட்டுது. அவையளுக்குப் போன் பண்ணுங்கோ, வேண்டாமெண்டு."

"காலில விழுந்து கும்பிடுது, அதுவும் சகுனம்தானே" என்றார் அப்பா. நான் மரத்தை நிமிர்த்தினேன். விட்டதும் மறுபடி குனிந்தது. கூறைச்சீலைக்கு முன் உடுக்கும் சீலையோடு, பாதி சடை பின்னிய தலையோடு தங்கச்சி படியேறி வந்தாள். கையில் குசினிக் கத்தி.

"என்னடி செய்யப்போறாய்?"

"நிக்கிற அளவுக்கு இருந்தால் போதும் அம்மா."

அடித்தடிக்கு ஒரு சாண் மேலே வைத்து ஒரே வெட்டு. எல்லா இலையும் போயிற்று. மிச்சம் கட்டையாய், அவலட்சணமாய், நேராய் நின்றது. அம்மா கண்ணை மூடிக்கொண்டார். ஆனால் போன் பண்ணச் சொல்லவில்லை.

மண்டபத்தில் ஐயர் வாளியைப் பார்த்து, சொல்ல வாயெடுத்த மந்திரத்தை நிறுத்தினார். "இது பட்டுப்போன தடியெல்லோ? உயிர் இருக்கோ?"

மணப்பெண் குனிந்த தலை நிமிராமல் கையை மட்டும் நீட்டி, பட்டையை நகத்தால் கீறிக் காட்டினாள். பச்சை. மாப்பிள்ளையும் எட்டிப் பார்த்தார். ஐயர் தொண்டையைச் செருமிக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்.